வீட்டில் எலி இருக்கிறதா? அடையாளங்களைப் பார்த்து அறிந்துகொள்வோம்

நீண்ட காலத்தின் பின் சொந்த வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கொட்டில் போட வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இத்தனை வேலைகளுக்கு நடுவில் எலியைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. இருந்தாலும் இந்தப் பாடத்தை விதைநெல் மூட்டையை வீட்டுக்குள் இறக்குவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். வளர்ந்த வீட்டெலி ஒன்று ஒரு நாளில் ஏறக்குறைய 20 கிராம் தானியம் தின்னும். 10 எலி இருந்தால் ஒரு நாளைக்கு 200 கிராம், ஒரு மாதத்துக்கு 6 கிலோ. தின்பதைவிட மூத்திரத்தாலும் புழுக்கையாலும் அது பழுதாக்குவது அதிகம். ஒரு புசல் நெல் 21 கிலோ அளவில் இருக்கும். ஏக்கருக்கு 2 புசல் விதைக்க வேண்டும். காலபோகத்துக்கென்று கிடைத்த விதைநெல்லை ஒன்றிரண்டு மாதம் வைத்திருக்கும் வீட்டில் எலி புகுந்தால், விதைக்கிற நாளில் கால் ஏக்கருக்கான நெல் குறைந்திருக்கும். கடையில் சீனி வாங்குவதுபோல விதைநெல்லை நினைத்த நேரம் வாங்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆள் இல்லாமல் கிடந்த வீட்டில் எலி நிறைய இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சமையல் இல்லாத, தானியம் இல்லாத வீட்டில் எலிக்கு வேலையில்லை. அது பற்றைக்குள்ளும் வயல் வரம்பிலும் இடிந்த பங்கருக்குள்ளும் இருந்திருக்கும். நீங்கள் அடுப்பு மூட்டி, நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அது வீட்டை நோக்கி வருகிறது. ஆகவே வந்த அன்று வீட்டைப் பார்த்துவிட்டு "எலி இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். குடிவந்த முதல் நான்கைந்து கிழமைகள்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய காலம். ஒரு சோடி எலி குடிபுகுந்தால் மூன்று கிழமையில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் குட்டி போடத் தொடங்கிவிடும். இரண்டு எலியாக இருக்கும்போது கண்டுபிடிப்பதும் இருபது எலியான பின் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவை

எல்லாவற்றையும் எலி என்று சொன்னாலும் நம் பக்கத்து வீடுகளுக்கு வருபவை ஒரே வகையல்ல. எது வந்திருக்கிறது என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுண்டெலி மிகச் சிறியது. உடல் கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். மாப் பைக்குள்ளும், அலுமாரிக்குப் பின்னும், மடித்து வைத்த உடுப்புகளுக்குள்ளும் கூடு கட்டும். ஒரே இடத்தில் வயிறு நிறையத் தின்னாது; இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று கொறித்துக்கொண்டே போகும். பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலியும் நுழைந்துவிடும்.

வீட்டெலியைக் கூரை எலி என்றும் சொல்வதுண்டு. உடலைவிட வால் நீளம், காது பெரிது, ஏறுவதில் கெட்டிக்காரன். கிடுகுக் கூரையும் ஓலை வேலியும் தென்னையும் இருக்கும் இடத்தில் இதுதான் அதிகம். தென்னையில் குரும்பைகளின் காம்புப் பக்கத்தைத் துளைத்து விழுத்துவதும் பெரும்பாலும் இதுவே, சில வேளை அணிலும் செய்யும். இரவில் தலைக்கு மேலே ஓடும் சத்தம் கேட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அகிழானும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டுபவை. அகிழான் வயலிலும் வளவிலும் வளை தோண்டி, நெற்கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும். பெருச்சாளி இன்னும் பெரியது, ஒரு பூனைக்குட்டி அளவு இருக்கும், மிரட்டினால் உறுமும். இவை கூரைக்கு ஏறி வருபவை அல்ல. மண் தரையுள்ள கொட்டிலில் சுவரோரமாகக் கீழிருந்து வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூரிய மூக்கும் சின்னக் கண்ணும் உள்ள மூஞ்சூறு எலி அல்ல. சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடும், அதன் நாற்றமும் தெரிந்ததுதான். அது தின்பது பெரும்பாலும் கரப்பொத்தானையும் பூச்சிகளையும். நெல் மூட்டையை வெட்டும் பல் அதற்கு இல்லை. மூஞ்சூறு ஓடுவதைக் கண்டு எலிமருந்து வாங்கப் போகாதீர்கள்.

புழுக்கை சொல்லும் செய்தி

எலியைக் கண்ணால் காண்பது அரிது. அது இரவில் நடமாடும், பகலில் பதுங்கியிருக்கும். பகல் வெளிச்சத்திலேயே எலி ஓடக் கண்டால் இரை போதாமல் வெளியே வரும் அளவுக்குத் தொகை பெருகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள உதவுவது அடையாளங்கள். அவற்றுள் முதலாவது புழுக்கை.

சுண்டெலியின் புழுக்கை அரிசியின் அளவில், இரு முனையும் கூராக இருக்கும். வீட்டெலியின் புழுக்கை ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட நீளமாக, வாழைப்பழம்போல மெல்ல வளைந்திருக்கும். பெருச்சாளியினுடையது இரண்டு சென்ரிமீற்றரும் அதற்கு மேலும், தடித்து இருக்கும். சுவரோரம், மூட்டைகளின் இடுக்கு, அடுப்படி, வளைமரத்தின் மேற்பக்கம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

ஆளில்லாமல் கிடந்த வீடு என்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும். தரையெல்லாம் ஏதோ ஒரு எச்சம் கிடக்கும். அது எல்லாம் எலியுடையது அல்ல. கருப்பாக, ஒரு நுனியில் மட்டும் வெள்ளையாக இருந்தால் பல்லி எச்சம். கூரைக்கு நேர் கீழே குவிந்து கிடந்து, குச்சியால் தட்டினால் பூச்சிச் சிறகுபோலப் பளபளக்கும் துகளாக உதிர்ந்தால் வௌவால் எச்சம். எலிப் புழுக்கை அப்படி இலகுவில் உதிராது. சிலவற்றில் மயிரும் கலந்திருக்கும்.

அடுத்த கேள்வி, இது பழையதா புதியதா என்பது. இதுதான் முக்கியமானது. புதிய புழுக்கை கருமையாக, ஈரமினுக்கத்துடன், குச்சியால் அழுத்தினால் நசியும். சில நாள் போனதும் காய்ந்து இறுகும். பழையது சாம்பல் நிறமாகி, தூசி படிந்து, அழுத்தினால் பொடியாகும். நிச்சயமில்லையென்றால் ஒரு வழி செய்யுங்கள்: முதல் நாள் எல்லாவற்றையும் கூட்டி அகற்றிவிட்டு மறுநாள் காலையில் அதே இடங்களைப் பாருங்கள். திரும்பக் கிடந்தால் எலி இப்போது இருக்கிறது.

கூட்டும்போது ஒரு கவனம். காய்ந்த புழுக்கையைத் தும்புத்தடியால் அப்படியே கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும். கதவு யன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள். குளோரின் தூள் கரைத்த தண்ணீரை, அது இல்லாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, பிறகு வழித்து எடுங்கள். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பல், தடம், கறை

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொள்ளாவிட்டால் அதனால் வாழ முடியாது. ஆகவே உணவல்லாத பொருளையும் கடிக்கும்: கதவு மூலை, பிளாஸ்டிக் வாளி, சவர்க்காரம், மெழுகுதிரி, மின்சார வயர். பலகையில் புதிதாகக் கடித்த இடம் வெளிறிய நிறமாக, விளிம்பு கூராக இருக்கும். நாட்பட்டால் பலகையின் நிறத்துக்கே மாறிவிடும். தறப்பாளில் ஓட்டை விழுந்தால் காற்றுக் கிழித்ததா எலி வெட்டியதா என்று பாருங்கள். காற்று நீளமாகக் கிழிக்கும். எலி வெட்டினால் வட்டமாக, ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும்.

நெல் மூட்டையிலும் இப்படியே. ஊசியால் குத்தியதுபோலச் சிறு துளையும் பொடியும் தெரிந்தால் அந்தோ வண்டோ பிடித்திருக்கிறது. அதற்கு நெல்லை வெயிலில் காயவைக்க வேண்டும். மூட்டையின் அடி மூலை பிய்ந்து, அருகில் உமி குவிந்திருந்தால் எலி. எலி நெல்லை முழுதாக விழுங்காது, உமியை உரித்துப் போட்டுவிட்டே அரிசியைத் தின்னும். மூட்டைக்குக் கிட்ட இல்லாமல் எங்கோ ஒரு மூலையில் உமி கிடந்தாலும் கவனியுங்கள். பாதுகாப்பான இடம் என்று எலி தெரிந்தெடுத்த இடம் அது.

ஒரே வழியால் போய் வருவது எலியின் பழக்கம். சுவரில் உடலை உரசிக்கொண்டே ஓடும். நாளடைவில் அந்த இடத்தில் எண்ணெயும் அழுக்கும் கலந்த கறுப்புக் கறை படியும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் சுவரிலும், கூரையில் வளைமரமும் சுவரும் சேரும் இடத்திலும் இதைக் காணலாம். விரலில் ஒட்டாமல் உரிந்து விழுந்தால் பழையது. குச்சியால் தொட்டால் இழுபடுமானால் இப்போது பாவனையில் உள்ள வழி. வெளியே வேலியோரத்துப் புல்லிலும் அழுந்திய பாதை தெரியும்.

அடுப்புச் சாம்பல் சோதனை

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அடுப்படி ஒதுக்கிய பிறகு, ஆறிய சாம்பலை அரித்து எடுங்கள். சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவுங்கள். கதவடியில், மூட்டை வைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, சமையல் பகுதியில் என்று மூன்று இடம் போதும். விடியற்காலையில் ஆட்கள் நடமாடுவதற்கு முன் ரோச் லைற்றைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

எலியின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல் பதியும். நடுவில் வால் இழுபட்ட கோடு தெரியலாம். பின்கால் தடம் இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் சுண்டெலி. அதற்கு மேலே போனால் பெரிய எலி. தடம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு போனால் நுழையும் ஓட்டையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு இரவில் ஒன்றும் பதியவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம், மூன்று இரவு தொடர்ந்து செய்யுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடிக்கும். தடம் பார்ப்பதை அவர்களிடம் விடலாம், சாம்பல் கூட்டுவதை நீங்கள் செய்யுங்கள்.

வளையைக் கண்டால் தோண்ட வேண்டாம்

இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டுமே வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

ஊரில் எலி வளையைக் கண்டால் மண்வெட்டி எடுத்துத் தோண்டுவோம், வைக்கோல் திணித்துப் புகை போடுவோம், தண்ணீர் ஊற்றுவோம். முன்பு அதில் தவறில்லை. இப்போது சண்டை நடந்த பகுதிகளில் மண்ணுக்குக் கீழே மிதிவெடியும் வெடிக்காத எறிகணையும் துப்பாக்கி ரவைகளும் கிடக்கலாம். மண் இளகிய இடத்தையும் பழைய பங்கரின் ஓரத்தையும் அகிழான் விரும்பும். அதே இடங்களில்தான் கைவிடப்பட்ட வெடிபொருட்களும் இருக்க இடமுண்டு. எலி தள்ளிய மண்ணோடு இரும்புத் துண்டு, வயர், பச்சை நிறப் பிளாஸ்டிக் போன்றவை வெளியே வந்திருந்தால் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். வந்த காலடிகளிலேயே திரும்பிப் போய், மற்றவர்கள் அணுகாதபடி தூரத்தில் அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். வளைக்கு நெருப்பு வைப்பதும், வெட்டிய பற்றையை வளவின் மூலையில் குவித்து எரிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

உங்கள் காணி துப்புரவு செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று முதலில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வீட்டு வளவு துப்புரவாகியிருந்தாலும் அடுத்த வளவு அப்படியென்று எண்ண வேண்டாம். பங்கர் ஒன்று இருந்தால் அதற்குள் இறங்காமல், அதை மூடுவது பற்றி அவர்களிடமே கேளுங்கள்.

வளையில் எலி இருக்கிறதா என்று அறியத் தோண்டத் தேவையில்லை. துப்புரவான இடத்தில் உள்ள வளையின் வாயைச் சாயங்காலம் ஒரு கைப்பிடி இலைகுழையால் அல்லது கசக்கிய தாளால் நீண்ட தடியைக் கொண்டு மெல்ல அடையுங்கள். காலையில் அது வெளியே தள்ளப்பட்டோ உள்ளே இழுக்கப்பட்டோ இருந்தால் எலி உண்டு. வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அந்த வழி பாவனையில் இல்லை. புது மண் இல்லாமல் வழவழவென்று இருக்கும் வளையில் பாம்பு இருக்கலாம். பாம்பு தானாக வளை தோண்டாது, எலியின் வளையில்தான் குடியிருக்கும். கை விடவே கூடாது.

பாம்பைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். நாகமும் புடையனும் எலியைத் தேடி வருபவை. வீட்டில் எலி பெருகுவது பாம்பை அழைப்பதற்குச் சமம். கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் உள்ள விரியன் இரவில் தரையில் படுப்பவர்களைக் கடிப்பது கூட. அந்தக் கடி வலிக்காமலும் இருக்கும். பாயில் படுப்பவர்கள் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் நுளம்பும் வராது, பாம்பும் வராது. யாருக்காவது கடித்தால், அல்லது காலையில் எழும்பும்போது காரணமில்லாத வயிற்றுவலியும் கண்ணிமை பாரமும் இருந்தால், வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமில்லாத சாரைப்பாம்பு எலியைத் தின்று நமக்கு உதவி செய்வது, அதைக் கொல்லாதீர்கள். இரவில் வந்து கத்தும் சாக்குருவியையும் கூகையையும் அபசகுனம் என்று விரட்டுவோர் இருக்கிறார்கள். ஒரு கூகை இரவில் பிடிக்கும் எலிகளைப் பார்த்தால் அதற்குப் பொந்து ஒதுக்கிக் கொடுக்கலாம் என்றே தோன்றும்.

நெல்லையும் உறுதியையும் காப்பாற்றுவது

அடையாளம் தெரிந்தபின் முதல் வேலை எலியைக் கொல்வது அல்ல, அதன் சாப்பாட்டை எடுத்துவிடுவது. மூடியுள்ள இரும்பு பரல் கிடைத்தால் விதைநெல்லுக்கு அதைவிட நல்லது இல்லை. நெல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் எலிக்குத் தப்பினாலும் முளைக்காது. பரல் இல்லாதவர்கள் மூட்டையைத் தரையில் போடாமல் 3 அடி உயரத்தில் தட்டி அமைத்து வையுங்கள். ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கூம்பாக வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி ஆணி அடித்துவிட்டால் எலி ஏற முடியாது. தட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அடி விடுங்கள். நீங்கள் சுற்றிப் போய்ப் பார்க்க அந்த இடைவெளி வேண்டும். தட்டிக்கு மேலே கூரை எட்டும் உயரத்தில் இருந்தால் இவ்வளவும் வீண். மேலிருந்து இறங்கிவிடும்.

கருவாடு, ஒடியல், பனங்கட்டி ஆகியவற்றுக்கு நம் பாட்டிமார் வைத்த உறி இன்றைக்கும் நல்ல ஏற்பாடு. கயிற்றின் நடுவில் ஒரு தகரத் தட்டைக் கோர்த்துவிட்டால் கயிறு வழியாக இறங்கும் எலியும் நின்றுவிடும். மா, சீனி, பருப்பைப் பால்மாப் பேணிகளில் போடலாம். பொலித்தீன் பை எலிக்குத் தடையே அல்ல.

பலரும் மறந்துவிடும் பொருள் கடதாசி. குட்டி போடும் காலத்தில் எலி கடதாசியையும் துணியையும் பஞ்சுபோல நறுக்கிக் கூடு கட்டும். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் பையில் சுமந்து காப்பாற்றிய காணி உறுதியும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், குடும்ப அட்டையும், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறும் கொட்டிலின் வளையில் தொங்கும் அதே பையில் இருக்குமானால் இன்றைக்கே எடுத்து மாற்றுங்கள். றங்குப் பெட்டி அல்லது இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணி வேண்டும். ஒவ்வொன்றிலும் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வைப்பதும் நல்லது.

ஓட்டைகளை அடைக்கத் தகரம், சீமெந்துடன் கலந்த உடைந்த போத்தல் துண்டு, கம்பி வலை ஆகியவை நிற்கும். துணியும் பலகையும் நிற்காது. கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும் என்பதை நினைவில் வைத்து அளவு பாருங்கள். தென்னை மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு அடி அகலத் தகரம் சுற்றினால் குரும்பை மிஞ்சும். ஓலைகள் பக்கத்து மரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

பொறி, பூனை, மருந்து

பொறி வைப்பவர்கள் முதல் இரவிலேயே எலி விழவில்லை என்று சலித்துக்கொள்வார்கள். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கியே போகும். ஆகவே மூன்று இரவு பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டு அல்லது கருவாட்டுத் துண்டு மட்டும் வைத்துவிடுங்கள். தின்னப் பழகிய பிறகு விசை ஏற்றுங்கள். சாம்பலில் தடம் கண்ட அதே சுவரோரத்தில், இரை வைத்த பக்கம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றோடு நிற்காமல் நாலைந்து பொறியை ஒரே இரவில் வைத்தால் பலன் கூட. அயலவரோடு சேர்ந்து வைத்தால் இன்னும் கூட. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் பொலித்தீன் பையால் பிடித்து, துப்புரவான இடமென்று உறுதியான குப்பைக் கிடங்கில் புதையுங்கள். வாய்க்காலிலோ றோட்டிலோ எறிய வேண்டாம்.

பூனை சுண்டெலியைப் பிடிக்கும், சின்ன எலியைப் பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடும். பூனை இருக்கிறது என்று மூட்டையைத் தரையில் போடாதீர்கள்.

எலிமருந்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஒற்றை அறைக் கொட்டிலில், சமையலும் படுக்கையும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் இடத்தில், பிள்ளைக்கு எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. பெயரும் விபரமும் இல்லாமல் பொட்டலமாக விற்பதை வாங்கவே வேண்டாம். வேறு வழியில்லையென்றால் பீ.எச்.ஐ. என்று நாம் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள். பிள்ளை தப்பித் தவறித் தின்றுவிட்டால் ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்காதீர்கள். சில மருந்துகள் இரத்தம் உறையாமல் செய்பவை, சில நாள் போன பிறகுதான் குணம் காட்டும். மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு அப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காய்ச்சல் வந்தால்

எலிக்காய்ச்சலின் கிருமி எலியின் மூத்திரத்தில் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெட்டு, சேற்றில் ஊறிய தோல், கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள், ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். அவர்களில் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பலர்.

மழைக்குப் பின் வளவு துப்புரவு செய்யும்போதும், வாய்க்கால் வெட்டும்போதும், வயலுக்கு இறங்கும்போதும் காலில் காயமிருந்தால் மூடிக் கட்டுங்கள். சப்பாத்து இருந்தால் போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். வயல் வேலைக்கு முன் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும் தடுப்பு மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகக் கொடுக்கப்படுகிறது. உங்கள் பகுதி பீ.எச்.ஐ.யிடம் விசாரியுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாமாக அதை எடுக்கக்கூடாது. எலி விழுந்து செத்த கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம். இதையும் அவரிடமே கேட்கலாம்.

திடீரென்று கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோவு, கண் சிவப்பு ஆகியன சேர்ந்து வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். மூத்திரம் குறைவதும் கண் மஞ்சளாவதும் நோய் முற்றும் அடையாளம். ஆரம்பத்தில் போனால் மாற்றக்கூடிய நோய் இது. கிருமி உடலுக்குள் போய் ஒன்று இரண்டு கிழமை கழித்தும் காய்ச்சல் தொடங்கும் என்பதால், போன மாதம் செய்த வேலையையும் நினைத்துப் பார்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்: வயலில் இறங்கினேன், பழைய கிணறு இறைத்தேன், வீட்டில் எலிப் புழுக்கை கூட்டினேன் என்று. அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.